நோட்டில் ஏறாத பெயர்

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள். உள்ளே ஒரு நோட்டு. நீல அட்டை, ஓரம் பூச்சி அரித்தது. பார்த்ததும் என் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பில் அந்த நோட்டைத்தான் காட்டுகிறார்களாம். பதிவேடு என்றால் இப்படி இருக்க வேண்டும், இத்தனை வருடத்தில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை என்று வாத்தியார் சொல்வாராம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம், அங்கே வேலை பார்க்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். அலுவலகத்துச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அந்த நோட்டு எழுதிய காலத்தைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "நாலு பக்கம் போதும் சார், கொஞ்சம் சுவையா எழுதுங்க" என்றான் ஒருவன். சுவையாக எழுத நான் மிட்டாய்க் கடை வைத்திருக்கவில்லை. இருந்தாலும் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

இந்தப் பிள்ளைகள் இப்போது லேசர் ஒளியைக் குவித்து இரும்புத் தகட்டில் ஓட்டை போடுகிறார்கள். போட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கே தனி அறை, தனிப் பூட்டு. எங்கள் காலத்தில் லேசர் கிடையாது. மைக்ரோவேவ் அலைதான். கண்ணுக்குத் தெரியாத அலையைக் கொண்டு எதிரியின் கருவியைக் கெடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நடந்த இடம் புதுச்சேரி.

என்னைப் பற்றிக் கொஞ்சம். என் பெயர் லூர்துசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் ரேடார் பழுது பார்க்கக் கற்றேன். ஊர் இந்தியாவோடு சேர்ந்த 1954இல் திரும்பி வந்து, ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவனை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். மரியாதையாகவும் சொல்வார்கள், கிண்டலாகவும் சொல்வார்கள். என் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்து, உடைந்த ரேடியோ எதையும் கொண்டுவராமல், "மேக்னட்ரான் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். ரேடாரின் உயிரே அதுதான், அலையை உண்டாக்கும் குழல். "பார்த்திருக்கேன், சுட்டுக்கிட்டும் இருக்கேன்" என்று புறங்கைத் தழும்பைக் காட்டினேன். அவர் பெயர் சபேசன். சென்னைப் பக்கத்துக்காரர், ராணுவ ஆராய்ச்சியில் இருந்தவர். மூன்று மாதம் போலீஸ் என்னைத் துருவித் துருவி விசாரித்தது. அந்நியப் பட்டாளத்தில் சோறு தின்றவனை ரகசிய வேலைக்கு எப்படி எடுப்பது என்று மேலிடத்தில் இழுத்தார்களாம். "இவருக்கு நான் பொறுப்பு" என்று சபேசன் சார் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் வேலை கிடைத்தது. அந்தக் காகிதம் கடைசிவரை என் கழுத்தில் கிடந்தது.

ஊர் இணைந்த பிறகு எல்லைச் சுங்கச் சாவடிகள் எல்லாம் காலி. வீராம்பட்டினம் போகிற வழியில், கடலோரம் இருந்த பழைய சுங்கக் கிடங்கு ஒன்று எங்களுக்கு வந்தது. போரில் பயன்பட்ட பழைய ரேடார் லாரி ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் நிறுத்தினோம். மேக்னட்ரானிலிருந்து அலையை வெளியே கொண்டுபோக நாலு மூலைப் பித்தளைக் குழாய், ஏழு துண்டாக ஒன்றோடொன்று திருகி மாட்டியது. குழாயின் முனையில் அகலமான ஒரு கொம்பு. கொம்பு கடலைப் பார்த்திருக்கும்.

கடலில் ஒரு கட்டுமரம் நிற்கும். அதில் தவளக்குப்பத்துத் தகரக் கடையில் செய்த பெட்டி. பெட்டிக்குள் ரேடாரின் காது போன்ற ஒரு சின்னப் படிகம், கிரிஸ்டல். நாங்கள் கரையிலிருந்து அலையைப் பாய்ச்சுவோம். கட்டுமரம் திரும்பி வந்ததும் கிரிஸ்டலைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்ப்போம். கெட்டிருந்தால் ஜெயம். அப்படிக் கெடும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எதிரி விமானத்தின் காதைத் தூரத்திலிருந்தே செவிடாக்கிவிடலாம் என்பது சபேசன் சாரின் கனவு.

அந்தக் கட்டுமரத்தை ஓட்ட வந்தவர்தான் கலியமூர்த்தி. வீராம்பட்டினத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எங்கே மீன் கூட்டம் நிற்கிறது என்று சொல்கிற கண் அவருக்கு. எங்களுக்குக் கடலில் ஒன்றும் தெரியாத இடத்தைக் காட்டி, "தோ, கருப்பா ஓடுது பாரு" என்பார். நான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "சொல்தாவுக்குத் துப்பாக்கி முனைதான் தெரியும், மீன் முனை தெரியாது" என்று சிரிப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சொல்தா என்பார்.

சபேசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்குக்குள் நுழையும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவார். உட்காரவே மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். எந்த வேலை முடிந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எழுதிட்டீங்களா?" என்பதுதான். குழலைச் சூடேற்றிய நேரம், மின்சார அளவு, யார் விசையைத் தட்டியது, யார் பக்கத்தில் நின்றது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். எனக்குப் பிரெஞ்சு வரும், இங்கிலீஷ் வராது. சாயங்காலம் சாயங்காலம் நின்றபடியே சொல்லிக்கொடுத்து, இரண்டு வருடத்தில் என்னை இங்கிலீஷில் எழுதவும் பேசவும் வைத்தவர் அவர்தான். நன்றி கெட்டுப் பேசக் கூடாது.

சுவரில் ஒரு பலகை. அதில் முதல் விதி: அலை ஓடும்போது குழாயின் வாயில் கண்ணை வைக்கக் கூடாது. எழுதியவர் சபேசன் சார். அந்த அலை கண்ணுக்கு ஆகாது என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் அப்போதே எழுதியிருந்தார்களாம். எனக்கும் அது சொல்லப்பட்டது. எனக்குத் தெரியாது என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது.

இப்போது தீப்பொறி விஷயத்துக்கு வருகிறேன்.

கடலோரக் காற்று உப்பும் ஈரமும். ராத்திரியில் குழாயின் மூட்டுகளில் உப்புப் பூத்துவிடும். காலையில் அலையை ஓட்டினால் ஏதோ ஒரு மூட்டில் டிக் டிக் என்று பொறி தட்டும். பொறி இருக்கும்போது முழு சக்தியைக் கொடுத்தால் மேக்னட்ரான் போய்விடும். புதிதாக ஒன்று வரவழைக்க மாசக்கணக்கில் ஆகும். ஏழு மூட்டில் எது என்று தெரிந்தால் அதை மட்டும் கழற்றி, தேய்த்து, உலர்த்தி மாட்டலாம். தெரியாவிட்டால் ஏழையும் கழற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். கடலில் காற்று திரும்பிவிட்டால் அன்றைய சோதனையே கிடையாது.

சைகோனில் நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். முனையில் இருக்கும் கொம்பைக் கழற்றிவிட்டு, சக்தியைக் குறைத்து ஓட்டி, இருட்டில் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது. நீலமாகக் கடுகளவு தட்டும். அந்த வித்தையை இங்கே கொண்டுவந்தவன் நான்தான். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். இரண்டு மூன்று நாள் நானே பார்த்தேன். எனக்குப் பொறி தெரிந்தது, எத்தனையாவது மூட்டு என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கலியமூர்த்தி, "நவுரு சொல்தா, நா பாக்குறேன்" என்று குனிந்தார். உடனே, "அஞ்சாவது" என்றார். கழற்றினோம். ஐந்தாவது மூட்டேதான்.

அதற்குப் பிறகு நான் குனியவில்லை. தினமும் அவர்தான். காலை ஏழு மணிக்குத் துணியை இழுத்துவிட்டு நான் விசையைப் போடுவேன். அவர் குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார். சில நாள் உடனே சொல்வார். சில நாள் பொறி விட்டுவிட்டுத் தட்டும், ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் ஆகும். "கண்ணுக்கு இதமா இருக்கு, வெந்நி ஒத்தடம் குடுத்தாப்ல" என்பார். நானும் சிரிப்பேன்.

சபேசன் சாருக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். பொறி தட்டி மீட்டரில் ஊசி ஆடியதும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நான் கொஞ்சம் கடல் பக்கம் போயிட்டு வர்றேன்" என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அலையோரம் நிற்பார். நாங்கள் துணியை விலக்கிய பிறகுதான் திரும்புவார். "சரியாச்சா?" "ஆச்சு சார்." "எழுதிட்டீங்களா?" "எழுதிட்டேன் சார்."

நான் எழுதியது இதுதான்: மூட்டுகள் பரிசோதிக்கப்பட்டன, ஐந்தாவது மூட்டு சுத்தம் செய்யப்பட்டது, கோளாறு நீங்கியது. யார் பரிசோதித்தார், எதை வைத்துப் பரிசோதித்தார் என்று எழுதவில்லை. எழுதினால் விதியை மீறியதாக ஆகும். ஆகவே நோட்டு சுத்தமாக இருந்தது.

கலியமூர்த்திக்கு எழுத்து வாசனை கிடையாது. அவர் பார்த்து முடித்ததும் நான் நோட்டைத் திறந்து எழுதுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு நிற்பார். எழுதி முடிக்கும் வரை நகர மாட்டார். ஒருநாள் அவர் மனைவி அஞ்சலை மீன் கூடையோடு அந்தப் பக்கம் வந்தவர் என்னிடம், பிரெஞ்சு மரியாதை வைத்து, "எம் புருசன் பேரு தெனமும் சர்க்கார் நோட்டுல ஏறுதாமே, நெசமா முசியே? பிள்ளைங்க கிட்ட அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்குது" என்றார். கலியமூர்த்தி கூச்சத்தோடு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடம் சுமக்கிறேன்.

மூன்று வருடம் போல் இப்படியே ஓடிற்று. கிரிஸ்டல் கெடும் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. சபேசன் சார் ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தார்.

ஓர் ஆடி மாதம். வீராம்பட்டினம் அம்மன் தேர் முடிந்த மறுநாள் கலியமூர்த்தி வந்து, "நேத்து அம்மன் மொகமே தெரியல சொல்தா, பொகை மூட்டம் போட்டாப்ல இருந்திச்சி" என்றார். கூட்டத்தில் தூசி கிளம்பியிருக்கும் என்றேன். "தூசி இல்ல. வெயிலு வந்தா தெரியல, இருட்டுனா தெரியுது" என்றார். இருட்டில் பொறி இன்னும் தெரிந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கரையில் ஒரு கம்பம் நட்டிருந்தோம். சிவப்புக் கொடி ஏறினால் அலை ஓடுகிறது, விலகி நில். வெள்ளைக் கொடி ஏறினால் கரைக்கு வா. ஐப்பசிக்கு முன்னால் ஒரு நடுப்பகல். சிவப்புக் கொடி பறக்கிறது, கலியமூர்த்தி நேரே கொம்பைப் பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார். நான் விசையை அணைத்துவிட்டு வெளியே ஓடிக் கத்தினேன். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. கரைக்குத் திருப்பும் இடம் தெரியாமல், பிறந்ததிலிருந்து பார்த்த கரையிலேயே, கட்டுமரத்தை அலைக்குக் குறுக்கே விட்டுவிட்டார். மரம் புரண்டது. பெட்டி போயிற்று. தோளில் அடிபட்டு மணலில் உட்கார்ந்தார்.

"கொடி தெரியலையா கலியமூர்த்தி?" என்று சபேசன் சார் கேட்டார்.

"எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குங்க. வெள்ளக் கொடின்னு நெனச்சேன்."

சபேசன் சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஊர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் மருத்துவர் வயதானவர், பிரெஞ்சுக் காலத்தில் படித்தவர், எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர். விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"கெழவனுக்கு வர்ற புரை இப்படி இருக்காது. இது பின்னால, நடு மத்தியில உக்காந்திருக்கு. கண்ணாடி ஊதற உலையில வேலை செய்யறவனுக்குப் பார்த்திருக்கேன். இவரு உலையில வேலை பார்க்கறாரா?"

"இல்ல தொக்தேர். கட்டுமரம் ஓட்டறாரு."

"வேற எதனா சூடு? யோசிச்சிச் சொல்லு லூர்து."

"எனக்குத் தெரிஞ்சி இல்ல" என்றேன். ரகசிய வேலை, வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானமே இல்லை. பயம்.

அவர் கெட்டிக்காரர். ஏதோ வெப்பத்தால் வந்த புரையாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். கடிதம் மேலே போயிற்று. விசாரணைக் குழு வந்தது. வேலையால் கெட்ட கண் என்று அவர்கள் எழுதிவிட்டால் கலியமூர்த்திக்கு ஆயுசுக்கும் கரையில் காவல் வேலை உண்டு, பெரிய ராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் உண்டு. இல்லை என்று எழுதினால் தினக்கூலி ஆளை நிறுத்துவது போல் நிறுத்திவிடலாம்.

எனக்கு அப்போது கலியாணமாகி ஆறு மாதம். நோட்டில் மறைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்று நான் ராத்திரி பகலாக யோசித்தேன். அந்நியப் பட்டாளத்துக்காரன், ராணுவ ரகசியப் பதிவேட்டில் பொய் எழுதினான். வேலை மட்டும் போகாது. எனக்குப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த சபேசன் சாரும் போவார். அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

குழுவுக்குத் தலைவர் வடக்கத்திக் கர்னல் ஒருவர். பெரிய மீசை, நல்ல மனிதர், கலியமூர்த்திக்கு முதலில் நாற்காலி போடச் சொன்னவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சபேசன் சார் பிரிவின் தலைவர் என்பதால் அவர் மொழிபெயர்க்கக் கூடாது, பதிவேடு எழுதுகிறவரே செய்யட்டும் என்றார் கர்னல். எழுந்து நடுவில் நின்றேன். ஒரு பக்கம் கர்னல், ஒரு பக்கம் கலியமூர்த்தி. சுவரோரம் சபேசன் சார், வழக்கம்போல் நின்றபடி.

கர்னல் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முன்னிருந்து பின், பின்னிருந்து முன். இந்த ஆள் குழாய்க்குப் பக்கத்தில் நின்றதாக ஓர் இடத்தில்கூட இல்லையே, கடலில் இருந்ததாகத்தானே இருக்கிறது, கேள், என்றார்.

நான் தமிழில் கேட்டேன். "கலியண்ணே, குழாய் கிட்ட நீ நின்னதா நோட்டுல எங்கயும் இல்லன்னு சொல்றாரு."

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண் கூசியது. கையை மறைப்பாக வைத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

"இன்னா சொல்ற சொல்தா? நா தெனமும் பாத்தனே. நீ தெனமும் எழுதுனியே."

கர்னல் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான்?

பக்கத்தில் கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு முழு நிமிஷம் இருந்தது. கர்னல் அவசரப்படுத்தவே இல்லை.

"தனக்கு நினைவில்லை என்று சொல்கிறார்" என்றேன். நல்ல இங்கிலீஷில், சபேசன் சார் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில்.

கர்னல் எழுதிக்கொண்டார். சுவரோரம் நின்றவருக்குத் தமிழ் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேலைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. கலியமூர்த்தியை நிறுத்திவிட்டார்கள். நோட்டைப் பார்த்து மகிழ்ந்த கர்னல், இப்படி ஒரு பதிவேட்டை எங்கும் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் எழுதிவிட்டுப் போனார். அதைத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் நோட்டோடு மடித்து வைத்திருக்கிறார்கள். கலியமூர்த்திக்கு ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் அறுவை செய்தார்கள். சீழ் பிடித்துப் போய்விட்டது. மற்றொன்றை அவர் தொட விடவில்லை.

அதன் பிறகு சபேசன் சார் ஒருநாளும் கடல் பக்கம் போகவில்லை. மீட்டரில் ஊசி ஆடினால் ஏழு மூட்டையும் கழற்றச் சொல்வார். அரை நாள் போனால் போகட்டும் என்பார். அப்புறம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வந்தது. மாணிக்கக் கல்லில் செய்த ஒரு தண்டிலிருந்து குலையாத சிவப்பு ஒளியை எடுத்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அதுதான் லேசர். அந்தப் படத்தை என் முன்னால் விரித்து வைத்தார். "இனி இதுதான் லூர்துசாமி. இதுக்கு இப்பவே விதி எழுதிடணும்" என்றார். முதல் விதியாகக் கண்ணைப் பற்றித்தான் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்குத் தமிழ் தெரியும்" என்றார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

1962இல் எங்கள் பிரிவை வடக்கே மாற்றிவிட்டார்கள். பாராட்டுக் கடிதம் இருந்ததால் எனக்கு உத்தியோக உயர்வு. கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன, போய் அந்த மனுசன்கிட்டச் சொல் என்றார். அடுத்த லீவில், அடுத்த லீவில் என்று ஆயுசே போயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் வீராம்பட்டினம் போகிற பாதையைத் தவிர மற்ற எல்லாப் பாதையிலும் நடந்தேன்.

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. இந்தத் தாள்களோடு ஒரு வாக்குமூலம் இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு. அந்த நோட்டை வகுப்பில் காட்டும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள். முடியாது என்றால் அந்த நோட்டை எரித்துவிடுங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். நடக்கிற வேலையில் அடித்தல் இல்லாமல் இருக்காது.

வாக்குமூலத்தை எழுதி முடித்த மறுநாள் காலை வீராம்பட்டினம் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. கலியமூர்த்தி வாசலில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை பஞ்சாக நரைத்திருந்தது. "யாரு?" என்றார்.

"லூர்துசாமி."

"சொல்தாவா?" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏ அஞ்சல, சொல்தா வந்துருக்குது பாரு. டீ போடு." என் கையைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எத்தினி வருசம்! மறந்துட்டன்னு நெனச்சேன்."

என் கையை உருவிக்கொண்டால் பேச முடியாமல் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் பிடியில் விட்டபடியே சொன்னேன். வாக்குமூலத் தாளைப் படிக்கவில்லை, வாயால் சொன்னேன். நோட்டில் உன் பேரை ஒருநாளும் எழுதவில்லை. கண்ணுக்கு ஆகாது என்று எனக்கு முன்னமே தெரியும். அன்றைக்கு நீ சொன்னதைக் கர்னலிடம் நான் சொல்லவில்லை. நினைவில்லை என்று நீ சொன்னதாகச் சொன்னேன்.

அவர் விரல் முடிச்சில் நின்றது. அஞ்சலை டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

"நா சொன்னத அந்தாளுக்குச் சொல்லவே இல்லியா?"

"இல்லண்ணே."

"அவுருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

என் கையை மெல்ல விட்டார், வலையில் விட்ட முடிச்சைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ஆடி வெள்ளிக்கு வெள்ளி, அம்மன் வாசல்ல மண்ண வாரி வாரி அந்தக் கர்னலு பேரச் சொல்லித் தூத்துனா இவ" என்றார். "நாந்தான் தூத்தச் சொன்னேன். இத்தினி வருசமும் தூத்துனா."

டம்ளர் அஞ்சலையின் கையிலேயே இருந்தது.

கலியமூர்த்தி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாவம், அந்த மனுசன்" என்றார்.